டிக்ஸ்வில் நாட்ச்: நள்ளிரவில் வாக்களிக்கும் அமெரிக்கச் சிற்றூரின் அரசியல் போக்கு

அமெரிக்க அதிபர் தேர்தலின் முதல் முடிவு ஒவ்வொரு முறையும் வடகிழக்கு மாகாணமான நியூ ஹாம்ப்ஷயரின் ஒரு மலைக்கணவாய்ச் சிற்றூரிலிருந்து வெளியாவது வழக்கம். கனடா எல்லைக்கு அருகே, கோவாஸ் கவுண்டியில் அமைந்துள்ள டிக்ஸ்வில் நாட்ச் என்பதே அச்சிற்றூர். தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு அங்கு வாக்குப்பதிவு தொடங்குகிறது. சில நிமிடங்களில் அனைவரும் வாக்களித்துவிட, உடனே எண்ணிக்கை முடிந்து முடிவும் அறிவிக்கப்படுகிறது.

சட்டமும் தொடக்கமும்

100 பேருக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்கள் நள்ளிரவிலேயே வாக்குச்சாவடியைத் திறக்கவும், பதிவுபெற்ற வாக்காளர்கள் அனைவரும் வாக்களித்த பின் அதை மூடவும் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணச் சட்டம் இடமளிக்கிறது. இம்முறையை அதே மாகாணத்தின் ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற ஊர் 1948-ஆம் ஆண்டிலேயே கடைப்பிடித்தது. அதிகாலையில் பணிக்குச் செல்ல வேண்டிய ரயில்வே தொழிலாளர்களின் வசதிக்காக அங்கு இந்த ஏற்பாடு செய்யப்பட்டது.

டிக்ஸ்வில் நாட்சில் 1960-இல் இவ்வழக்கம் தொடங்கியது. அங்குள்ள பால்சம்ஸ் என்ற சொகுசு விடுதியின் உரிமையாளரும் ரப்பர் தொழிலதிபருமான நீல் டில்லட்சன் இதற்கு முன்னின்றார். 2001-இல் தமது 102-ஆம் வயதில் மறையும் வரை, முதல் வாக்கைச் செலுத்துபவராக அவரே விளங்கினார்.

மாறிய சார்பு

முதல் தேர்தலில் பதிவான 9 வாக்குகளும் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சனுக்கே கிடைத்தன. ஜான் கென்னடிக்கு ஒரு வாக்கும் இல்லை. அதன்பின் 2004 வரை, 1968 நீங்கலாக, எல்லா அதிபர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியே இங்கு முன்னிலை பெற்றது. 1984-இல் ரொனால்டு ரீகன் 29 வாக்குகளும் வால்டர் மாண்டேல் 1 வாக்கும் பெற்றனர்.

2008-இல் பராக் ஒபாமா 15 வாக்குகளும் ஜான் மெக்கெய்ன் 6 வாக்குகளும் பெற்றபோது நிலைமை மாறியது. 2012-இல் ஒபாமாவும் மிட் ராம்னியும் தலா 5 வாக்குகள் பெற்றுச் சமநிலை கண்டனர். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் 4 வாக்குகளும் டொனால்டு டிரம்ப் 2 வாக்குகளும் பெற்றனர். 2020-இல் பதிவான 5 வாக்குகளும் ஜோ பைடனுக்குச் சென்றன. 2024-இல் கமலா ஹாரிஸும் டிரம்பும் தலா 3 வாக்குகள் பெற்றனர்.

இம்மாற்றம் சுற்றுவட்டாரத்தின் பொதுப் போக்கைக் காட்டவில்லை. 2008, 2012 தேர்தல்களில் ஒபாமாவை ஆதரித்த கோவாஸ் கவுண்டி, 2016 முதல் மூன்று முறையும் டிரம்பையே தேர்ந்தெடுத்தது. அண்டை ஊரான மில்ஸ்ஃபீல்டில் 2020 நள்ளிரவு வாக்குப்பதிவில் டிரம்ப் 16 வாக்குகளும் பைடன் 5 வாக்குகளும் பெற்றனர்.

முன்னறிவிப்பு ஆகுமா?

1960 முதல் 2024 வரை நடைபெற்ற 17 அதிபர் தேர்தல்களில், இவ்வூரில் முன்னிலை பெற்றவரே நாட்டின் அதிபரானது 8 முறை. 7 முறை முடிவு மாறுபட்டது. 2 முறை சமநிலை ஏற்பட்டது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறத்தாழ இதே அளவு பலன் கிட்டும். 2024 ஜனவரியில் நடந்த குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் இங்குள்ள 6 வாக்குகளும் நிக்கி ஹேலிக்கே கிடைத்தன. மாகாண அளவில் வென்றவரோ டிரம்ப்.

எனினும், இச்சிறு எண்ணிக்கை ஓர் உண்மையைத் துலக்குகிறது. 2024 நவம்பரில் வாக்களித்த 6 பேரில் 4 பேர் குடியரசுக் கட்சியினராகவும், 2 பேர் எக்கட்சியையும் சாராதவர்களாகவும் பதிவு செய்திருந்தனர். டிரம்புக்குக் கிடைத்தவை 3 வாக்குகள் மட்டுமே. ஆகவே, குடியரசுக் கட்சியினராகப் பதிவு செய்தவர்களுள் குறைந்தது ஒருவரேனும் ஹாரிஸுக்கு வாக்களித்திருக்க வேண்டும். கட்சிப் பதிவும் வாக்களிப்பும் எப்போதும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

ரகசியமும் எதிர்காலமும்

வாக்கு ரகசியம் குறித்த கேள்வியும் இங்கு எழுகிறது. பெருநகரில் ஒருவரது வாக்கு ஆயிரக்கணக்கான வாக்குகளுள் மறைந்துவிடும். டிக்ஸ்வில் நாட்சில் 2020-ஆம் ஆண்டைப்போல் முடிவு ஒருமனதாக அமைந்தால், ஒவ்வொருவரும் யாருக்கு வாக்களித்தார் என்பது ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது.

ஊரின் நிலைப்பும் உறுதியானதாக இல்லை. 2011-இல் பால்சம்ஸ் விடுதி மூடப்பட்டதும் அதைச் சார்ந்திருந்த மக்கள்தொகை சுருங்கியது. 2010 கணக்கெடுப்பில் 12 பேர் இருந்த இவ்வூரில், 2020 கணக்கெடுப்பில் 4 பேரே இருந்தனர். வாக்குச்சாவடியை நடத்தத் தேவையான தேர்தல் பொறுப்புகளை ஏற்கவே போதிய ஆட்கள் இல்லாத நிலையும் ஒரு கட்டத்தில் ஏற்பட்டது.

அமெரிக்காவின் அடுத்த அதிபர் யார் என்பதை டிக்ஸ்வில் நாட்ச் முன்கூட்டிச் சொல்வதில்லை. பதிவுபெற்ற வாக்காளர் ஒருவர்கூட விடுபடாமல் வாக்களிக்கும் ஊர் என்பதே அதன் தனிச்சிறப்பு. அச்சிறப்பு நீடிப்பது, அங்கு தொடர்ந்து குடியிருக்க எத்தனை பேர் முன்வருகின்றனர் என்பதைப் பொறுத்தே அமையும்.