ஏலம் வந்த கடல்வழி

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் படகு கரையேறியதும் மீனைக் கூறு கட்டி ஏலம் விடுகிறார்கள். வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் விலை பிறக்கும் அந்த ஏலத்தின் பெயர் தமிழில் பிறந்ததல்ல. ஏலக்காயைக் குறிக்கும் ஏலத்தோடும் அதற்கு உறவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இதைப் போர்ச்சுக்கீசியச் சொல்லாகக் காட்டுகிறது. மூலச்சொல் 'லெய்லாவ்'. 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறியவர்களின் மொழி போர்ச்சுக்கீசியம். அவர்களுக்கு அந்தச் சொல் அரபியிலிருந்து கிடைத்தது. அங்கே அதற்கு 'அறிவித்தல்' என்று பொருள். மலையாளம் லகரத்தைக் காத்து 'லேலம்' என்கிறது. இந்தியின் 'நீலாம்', மலேசியத் தமிழர் காதில் விழும் மலாய் 'லேலோங்' எல்லாம் ஒரே குடும்பம். சொல்லின் முதலில் லகரத்தை ஏற்காத தமிழ், அந்த எழுத்தை உதிர்த்துவிட்டது.

அரபி வேரின் பொருள் வியப்பளிக்கிறது. ஒரு கூறுக்கு எவ்வளவு வரை தரலாம் என்பது வியாபாரியின் மனத்துக்குள் இருக்கிறது. விற்கும் மீனவருக்குத் தெரியாது. போட்டிதான் அதை அறிவிக்க வைக்கிறது. ஆட்டக் கோட்பாட்டில் ஏலத்துக்கென்றே ஒரு கிளை உண்டு. மூடிய உறையில் விலை கேட்டு, அதிகம் கேட்டவருக்கே பொருளைக் கொடுத்து, இரண்டாவது பெரிய விலையை மட்டும் வாங்கினால், யாரும் மனத்திலுள்ள விலையை மறைக்க வேண்டியதில்லை என்று 1961இல் பொருளியலாளர் வில்லியம் விக்ரி நிறுவினார். கடற்கரையின் ஏறுவிலையும் கிட்டத்தட்ட இதேதான்: எதிராளி நிறுத்திய இடத்துக்குச் சற்று மேலே மீன் கைமாறுகிறது. விக்ரிக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020இல் ஏல ஆய்வுக்காகவே பால் மில்க்ரோமும் ராபர்ட் வில்சனும் பெற்றார்கள். பொருளின் உண்மையான மதிப்பு யாருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, மிக அதிகமாக மதிப்பிட்டவரே வெல்வதால், வென்றவருக்கே நட்டம் வரலாம். அதற்குப் பயந்து கெட்டிக்கார வியாபாரிகள் தம் மதிப்பீட்டுக்குக் கீழேயே நின்றுகொள்வார்கள் என்று விளக்கியவர் வில்சன்.

வாங்குபவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு சிண்டிகேட் போட்டால் அறிவித்தல் நின்றுபோகிறது. தலைச்சுமைக்காரப் பெண்கள் நாலுபேர் காசு சேர்த்து ஒரு கூறு எடுப்பதை இதோடு சேர்க்கக் கூடாது. அவர்கள் சேராவிட்டால் ஏலத்துக்குள்ளேயே வர முடியாது. முன்பணம்தான் பெரிய கேடு. வலைக்கும் என்ஜினுக்கும் கடன் கொடுத்தவரிடமே மீனைத் தள்ளவேண்டிய கட்டாயத்தில் இருப்பவருக்கு, எத்தனை பேர் கேட்டாலும் பயனில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தக் கடனைத் தாமே குறைந்த வட்டிக்குத் தர வேண்டும். பிடித்த மீனை விரும்பியவருக்கு விற்கும் உரிமை படகுக்காரருக்குத் திரும்ப வேண்டும்.