ஒரு முறையே வாக்களித்த தொகுதி

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களிற் பெரும்பாலோர் ஊரை விட்டு ஊர் சென்றவர்கள். கொள்ளேகால் தமிழர் கதை வேறு. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், மாநிலந்தான் மாறியது.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமான இத்தாலுகா, பின்னர் கோயமுத்தூர் ஜில்லாவின் வடகோடியாக விளங்கிற்று. பட்டுப்புழு வளர்ப்புக்குச் சென்னை மாகாணத்தில் பெயர் பெற்ற பகுதி அது. மக்களிற் பெரும்பாலோர் பேசியது கன்னடம். தமிழ் பேசுவோரும் கலந்து வாழ்ந்தனர். ஆயினும் நிலவரிக் கணக்கும் மேல்முறையீடும் கோவையையும் சென்னையையும் நோக்கியே சென்றன.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதற் பொதுத் தேர்தலில், 1952-இல், 375 உறுப்பினர் கொண்ட சென்னைச் சட்டசபைக்குக் கொள்ளேகாலும் தன் பிரதிநிதித்துவத்தைப் பெற்றது. அச்சபையில் இராஜாஜியும், 1954 முதல் காமராஜரும் முதலமைச்சராய் இருந்தனர். அடுத்த பொதுத் தேர்தல் வருமுன்பே மாநில மறுசீரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. 1956 நவம்பர் 1 அன்று தாலுகா மைசூர் இராஜ்யத்தைச் சேர்ந்தது. சென்னைச் சபையில் அத்தொகுதியின் வாழ்வும் முடிந்தது.

பெரும்பான்மையோரின் மொழியை நோக்கினால் இம்முடிவில் நியாயம் உண்டு என்றே சொல்ல வேண்டும். ஆனால் எந்தக் கோட்டைக் கிழித்தாலும் அதன் இருபுறமும் சிலர் சிறுபான்மையோராகவே நிற்பர். 1957-இல் கொள்ளேகால் தமிழர் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். இம்முறை அவர்கள் வாக்கு பெங்களூர்ச் சட்டசபைக்கு.