மேற்கோள் கணக்கின் வரலாறும் சமூக உளவியலும்

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையைக் கொண்டு அதை எழுதியவரின் தகுதியை அளக்கும் வழக்கம் மிகப் பழையதன்று. அதன் வேரும் ஆய்வுக்கூடத்தில் இல்லை, நீதிமன்றத்தில் இருக்கிறது. 1873ஆம் ஆண்டு சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர், ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எவையெவை எடுத்தாண்டன என்று அச்சிட்ட பசைத் தாள்களை வழக்கறிஞர்களுக்கு விற்கத் தொடங்கினார். பின்னர் நூல்வடிவம் பெற்ற அப்பட்டியல், பழைய தீர்ப்பு ஏற்கப்பட்டதா, ஐயுறப்பட்டதா, அடியோடு தள்ளப்பட்டதா என்பதை உணர்த்தும் குறியெழுத்துகளையும் சேர்த்துக்கொண்டது. வெறும் எண்ணிக்கை ஒரு வழக்கறிஞருக்குப் பயன்படாது என்பதை அந்தத் தொழில் அறிந்திருந்தது.

ஷெப்பர்டின் நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவர் வழியாக இம்முறையை அறிந்த யூஜீன் கார்ஃபீல்டு, 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் அறிவியலுக்கும் அத்தகைய மேற்கோள் அட்டவணை, அதாவது ஒரு கட்டுரையைப் பின்வந்த எந்தெந்தக் கட்டுரைகள் குறிப்பிட்டன என்று காட்டும் பட்டியல், வேண்டும் என்று முன்மொழிந்தார். பிழையான, காலாவதியான தரவுகளைச் சிந்திக்காமல் எடுத்தாளும் போக்கைத் தடுப்பதும், முந்தைய கட்டுரைகள் மீது எழுந்த விமர்சனங்களை வாசகர் கண்ணில் படச் செய்வதும் அவர் கூறிய நோக்கங்களில் அடங்கும். 613 ஆய்விதழ்களிலிருந்து ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்களைத் திரட்டி அவருடைய ஃபிலடெல்ஃபியா நிறுவனம் 1963இல் முதல் அறிவியல் அட்டவணையை வெளியிட்டது. சமூக அறிவியல்களுக்கான அட்டவணை 1973இல் வந்தது. ஆனால் ஷெப்பர்டின் குறியெழுத்துகள் இவற்றில் ஏறவில்லை. லட்சக்கணக்கான கட்டுரைகளைப் படித்து, இது பாராட்டு, இது மறுப்பு என்று பிரிக்க ஆளும் இல்லை, பொழுதும் இல்லை. தேடலுக்கென்று செய்த அந்தக் கருவி பணி நியமனக் குழுக்களின் கைக்கு மாறியபோது இந்தக் குறையும் உடன் சென்றது.

மனிதரின் எண்ணமும் நடத்தையும் பிறருடைய இருப்பால் எவ்வாறு மாறுகின்றன என்று ஆராயும் சமூக உளவியலில் இக்கணக்கின் விசித்திரங்கள் நன்றாகத் தெரிகின்றன. லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் வெளியிட்ட நூல், ஒன்றுக்கொன்று முரணான இரு நம்பிக்கைகளைச் சுமப்பவர் அந்த உறுத்தலைத் தணிக்கத் தம் கருத்தையே மாற்றிக்கொள்வார் என்ற 'அறிதல் முரண்பாடு' கோட்பாட்டை நிறுவியது. மேற்கோள்கள், பாடநூல்கள், உளவியலாளரிடம் நடத்திய கருத்துக்கணிப்பு ஆகியவற்றை இணைத்து 2002இல் தொகுத்த இருபதாம் நூற்றாண்டு உளவியலாளர் வரிசையில் அவருக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. ஆயினும் அவர் அத்துறையிலேயே தங்கிவிடவில்லை. 1960களில் கண்பார்வை ஆய்வுக்கும், பின்னர் தொல்வரலாற்றுக்கும் சென்றுவிட்டார். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச் எண்ணின்படி, குறைந்தது 20 முறையேனும் மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் உடையவரின் மதிப்பு 20. இந்த அளவுகோலில் ஃபெஸ்டிங்கரின் அந்தப் பெருநூல், எத்தனை ஆயிரம் பேர் அதை எடுத்தாண்டாலும், ஒரே ஓர் அலகுதான். துறையை விட்டு விலகத் துணிந்தவருக்கு இக்கணக்கு இடம் தருவதில்லை என்றே சொல்ல வேண்டும்.

மறுபுறத்தில், ரூபன் பேரனும் டேவிட் கென்னியும் 1986இல் எழுதிய ஒரு கட்டுரை அத்துறையிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றுள் ஒன்று. ஒரு காரணத்துக்கும் அதன் விளைவுக்கும் நடுவே நின்று செயல்படும் மாறியையும், அவ்விளைவின் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் மாறியையும் வேறுபடுத்தும் வழியை அது கற்பித்தது. மனிதரைப் பற்றிய புதிய உண்மை எதையும் அது அறிவிக்கவில்லை. பிறர் தம் முடிவுகளை வார்த்தெடுக்கும் அச்சாகவே அது பயன்பட்டது.

மேற்கோள் கணக்குக்கு இதனினும் கடுமையான சோதனை 2011இல் தொடங்கியது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, இதழ்களில் பெரிதும் இடம்பெற்ற டீடரிக் ஸ்டாப்பல் தரவுகளைப் புனைந்தவர் என்பது வெளிப்பட்டு, அவருடைய 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அது ஒரு தனிமனிதரின் மோசடி. 2015இல் வெளியான கூட்டாய்வோ நேர்மையாளரையும் உலுக்கியது: உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி ஏற்கத்தக்க முடிவைத் தந்திருக்க, மறுஆய்வுகளில் 36 விழுக்காடே அவ்வாறு தந்தன, சமூக உளவியலில் அது ஏறத்தாழ நான்கில் ஒன்று.

மறுஆய்வில் நிற்காத கட்டுரைகளை அதன்பின் எவரும் தொடமாட்டார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பே. எச் எண் பிறந்த சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றும் மார்த்தா செர்ரா-கார்சியாவும் யூரி நீசியும் 2021இல் வெளியிட்ட ஆய்வு அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. உளவியல், பொருளியல், பொது அறிவியல் இதழ்களில் நிலைக்காமற் போன கட்டுரைகளே நிலைத்தவற்றைவிட மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. மறுஆய்வு தோற்ற செய்தி வெளிவந்த பின்னர் அவற்றை எடுத்தாண்டவர்களிலும் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே அத்தோல்வியைக் குறிப்பிட்டிருந்தனர். தோல்வியைக் குறிப்பிட்டவை, குறிப்பிடாதவை என்ற வேறுபாடின்றி அம்மேற்கோள்கள் யாவும் அந்தந்த ஆய்வாளரின் கணக்கில் வரவாகவே சேர்ந்தன.