சிறந்தவர் பட்டியலும் பல்வங்கர் பாலுவும்

எல்லாக் காலத்துக்குமான சிறந்த கிரிக்கெட் வீரர் யார் என்ற வாதம் விடுதி அறைகளிலும் துறைக் கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளைகளிலும் ஓய்ந்ததே இல்லை. பிராட்மனா சோபர்ஸா, கவாஸ்கரா டெண்டுல்கரா என்று தொடங்கி, சராசரி, சதங்கள், எதிரணியின் வலிமை, அக்காலத்து ஆடுகளங்களின் இயல்பு என்று அது விரியும். வரலாறு பயில்பவன் என்ற முறையில் என்னை உறுத்துவது அந்த வாதத்தின் முன்வாசல். யாரை எத்தனையாவது இடத்தில் அமர்த்துவது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். வரிசைக்குள் நுழைய யாருக்கு வழி விடப்பட்டது என்ற கேள்வி ஏனோ எழுவதேயில்லை.

2000ஆம் ஆண்டில் விஸ்டன் ஆண்டிதழ் நூறு நடுவர்களைக் கொண்டு நூற்றாண்டின் ஐந்து வீரர்களைத் தேர்ந்தது. பிராட்மனுக்கு நூறு வாக்குகள், சோபர்ஸுக்குத் 90, ஹாப்ஸுக்கு 30, வார்னுக்கு 27, ரிச்சர்ட்ஸுக்கு 25. ஐவருமே டெஸ்ட் ஆடியவர்கள். இதில் வியப்பில்லை. டெஸ்ட் ஆடாத ஒருவரைச் சிறந்தவராக எண்ணிப் பார்ப்பதற்கான மொழியே நம்மிடம் இல்லை.

ஆனால் அந்த ‘டெஸ்ட்’ என்ற வகைமைக்கே ஒரு வரலாறு உண்டு. 1877இல் மெல்போர்னில் ஆடியவர்கள் தாங்கள் முதல் டெஸ்டில் ஆடுவதாக எண்ணியிருக்கவில்லை. எவையெவை டெஸ்ட் என்ற பட்டியலை 1894இல் தொகுத்தவர் அடிலெய்டைச் சேர்ந்த பத்திரிகையாளர் கிளாரன்ஸ் மூடி. பிற்காலம் அதை ஏற்றுக்கொண்டது. 1889 மார்ச்சில் போர்ட் எலிசபெத்தில் ஓர் ஆங்கிலப் பயண அணி தென்னாப்பிரிக்காவை எதிர்த்து ஆடிய ஆட்டமும் பின்னாளில்தான் டெஸ்ட் தகுதி பெற்றது. அந்த ஆங்கில அணியின் தலைவர் சி. ஆப்ரி ஸ்மித். பின்னர் ஹாலிவுட் நடிகராகப் பெயர் பெற்ற அவருக்கு அதுவே ஒரே டெஸ்ட். ஏழு விக்கெட், சராசரி 8.71. ஆடும்போது டெஸ்ட் என்று அறியப்படாத ஓர் ஆட்டத்தின் பேரில் அவர் இன்றும் இங்கிலாந்து டெஸ்ட் தலைவர்களின் வரிசையில் இருக்கிறார். அவர்மீது எனக்குக் குறையொன்றுமில்லை, நல்ல நடிகர்.

இந்தச் சட்டகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பல்வங்கர் பாலுவிடம் வருவோம். 1876இல் தார்வாரில், சாம்பார் சாதியில், படைவீரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பதின்பருவத்திலேயே புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் மன்றமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை. பிறகு ஐரோப்பியரின் பூனா கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளம். அங்கே வெள்ளை அதிகாரிகளின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். ஜே.ஜி. கிரெய்க் என்ற தேர்ந்த மட்டையாளர், தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் அவருக்கு எட்டணா கொடுத்ததாகச் சொல்வார்கள். பாலுவின் இடக்கைச் சுழல் அந்த வலைப்பயிற்சியில்தான் கூர்மையடைந்தது. மட்டையை மட்டும் அவர் கையில் எவரும் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது கனவான்களின் உரிமை என்ற பிரிவினை அந்தக் களத்தில் இருந்தது. இந்தியச் சூழலில் அதற்கு இன்னொரு பெயர் தேட வேண்டியதில்லை.

புனேயின் இந்து அணிக்கு ஐரோப்பியரை வெல்ல அவர் தேவைப்பட்டார். சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தைச் சாதி இந்துக்களும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கான தேநீர் மட்டும் அரங்குக்கு வெளியே, உபயோகித்து எறியும் மண்குவளையில் வந்தது. இதை ராமச்சந்திர குஹா தம் கிரிக்கெட் சமூக வரலாற்று நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பாலு இன்று ஓரளவேனும் அறியப்படுவதற்கு அந்நூலே பெரிய காரணம். பின்னர் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்து இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் முதன்முறையாக ஐரோப்பியரை 109 ரன் வேறுபாட்டில் வென்றதில் அவருடைய பங்கு பெரிது.

இங்கேதான் எண்கள் பேசத் தொடங்குகின்றன, அல்லது பேச மறுக்கின்றன. பாலுவின் முதல்தர ஆட்டப் பதிவு இது: 33 ஆட்டங்கள், 179 விக்கெட், பந்துவீச்சுச் சராசரி 15.21, மட்டைவீச்சுச் சராசரி 13.69. பதிவின் முதல் ஆண்டு 1905-06. அதாவது, ஆவணத்தில் அவர் ‘பிறக்கும்போது’ முப்பது வயதை நெருங்கிவிட்டார். பம்பாயில் ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்குமான ஆட்டங்கள் 1892 முதலே முதல்தரமாக எண்ணப்படுகின்றன. இந்துக்களுக்கு அந்தக் கதவு திறந்தது பதினான்கு ஆண்டு கழித்து. சுழற்பந்து வீச்சாளர் ஒருவரின் இளமைக்காலம் முழுவதும் எந்தக் கணக்கிலும் இல்லை.

13.69 என்ற எண்ணின்மீது சற்று நிற்க விரும்புகிறேன். தரவரிசைக்காரர் இதைப் பார்த்தவுடன் ‘மட்டை பிடிக்கத் தெரியாதவர்’ என்று எழுதிவிட்டு நகர்வார். பூனா கிளப்பின் நடைமுறையை அறிந்தவருக்கு அதே எண் ஒரு சமூக ஆவணம். அவருக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தால் இருபதோ முப்பதோ எடுத்திருப்பார் என்று நான் வாதிடவில்லை, அதற்குச் சான்றில்லை. திறமையின் அளவாக வாசிக்கப்படும் எண்ணுக்குள் வாய்ப்பின் அளவும் கலந்திருக்கிறது, இரண்டையும் பிரித்தெடுக்கும் சூத்திரம் எதுவும் நம்மிடம் இல்லை என்பதே என் கருத்து.

1911இல் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் அனைத்திந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. முப்பத்தைந்து வயதுப் பாலு மட்டும் எல்லா ஆட்டங்களிலுமாக 114 விக்கெட் வீழ்த்தினார், சராசரி 18.84. அவற்றில் முதல்தரமாக எண்ணப்படுபவை 75. ஆங்கிலக் கவுண்டி அணிகளை அவர்களுடைய மண்ணிலேயே எதிர்கொண்ட இந்த ஒரு பருவம்தான் அவரைப் பிறரோடு ஒப்பிட நமக்குக் கிடைக்கும் திடமான அளவுகோல்.

எதிர்வாதம் உண்டு, அதைப் புறந்தள்ளக் கூடாது. 33 ஆட்டங்கள் மிகக் குறைவு. அக்கால ஆடுகளங்கள் பந்துவீச்சாளருக்குச் சாதகமானவை. அவரை நேரில் கண்டோரின் சாட்சியமும் சிதறியது. ஆகவே பாலுவை ‘இந்தியாவின் முதல் மகத்தான கிரிக்கெட் வீரர்’ என்று அறிவித்து பட்டியலின் உச்சியில் ஏற்றுவதும் எனக்கு ஒப்பவில்லை. அது பட்டியல் என்ற வடிவத்தைக் கேள்விக்கு உட்படுத்தாமல் அதற்குள் ஒரு நாற்காலி கேட்பதாகும். ஒப்பீட்டுக்கு ரஞ்சித்சிங்ஜியை எடுத்துக்கொள்ளலாம். பாலுவைவிட நான்கு வயது மூத்தவர். 1896இல் மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டில் 62, ஆட்டமிழக்காமல் 154. பதினைந்து டெஸ்ட்களில் 44.95 சராசரி. அவருடைய மேதைமையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மேதைமை அளவிடத்தக்கதாக ஆனது கேம்பிரிட்ஜ், சசெக்ஸ், இங்கிலாந்து என்ற பாதை அவருக்குத் திறந்திருந்ததால். எட்டணாவுக்குப் பந்து வீசியவருக்கு அப்படியொரு பாதை எங்கே?

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதுமன்று. கேப் டவுனின் வேகப்பந்து வீச்சாளர் க்ரோம் ஹென்ட்ரிக்ஸ் 1894இல் இங்கிலாந்து சென்ற தென்னாப்பிரிக்க அணியிலிருந்து நிறத்தின் பேரில் விலக்கப்பட்டார். அவருக்கும் டெஸ்ட் எண் கிடையாது.

பாலுவுக்கு இந்து அணியின் தலைமை வழங்கப்படவேயில்லை. 1920இல் அவருடைய தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகி எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே துணைத் தலைவர் பதவி வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1923இல், விட்டல் தலைவரானார். அந்த மூன்றாண்டுக்குள் காந்தியின் தீண்டாமை எதிர்ப்புப் பிரசாரம் பம்பாயின் பொதுப்பேச்சை மாற்றியிருந்தது. தேர்வுக் குழுவின் மனமாற்றத்தை அதிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

1932 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியா தன் முதல் டெஸ்டைத் தொடங்கியபோது பாலுவுக்கு வயது 56. மூன்று மாதம் கழித்துப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோரில் அவரும் ஒருவர், சென்னையின் எம்.சி. ராஜாவும் அதில் ஒப்பமிட்டார். 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை, இளமையில் தம்மைப் போற்றிய அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்றார், பாலு 11,225. அந்தத் தோல்விக்குப் பிறகு பதினெட்டு ஆண்டு வாழ்ந்து, 1955 ஜூலையில் பாலு காலமானார்.