நகரும் நாற்காலி: முதுமையில் இடுப்பெலும்பு முறிவும் மறுவாழ்வு சிகிச்சையும்

வயதானவர் ஒருவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டால், அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த அன்றே வைத்தியம் முடிந்ததாக வீட்டார் நினைக்கிறார்கள். மருத்துவமனையின் கணக்கும் பெரும்பாலும் அதுதான். மிச்சமெல்லாம் 'ரெஸ்ட்'. முதியவரை நிரந்தரமாகப் படுக்கையில் தள்ளுவதில் முறிவுக்குள்ள பங்கைவிட இந்த ஓய்வுக்குள்ள பங்கு பல நேரங்களில் பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓய்வு உடலை என்ன செய்கிறது? 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் எதுவுமில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான தசை கரைந்திருந்தது. இவர்கள் நலமாக இருந்தவர்கள். எலும்பு முறிந்து, ரத்தம் இழந்து, சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும் எழுபத்தைந்து வயதுக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. படுக்கைப்புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தக்கட்டு எல்லாம் பின்னாலேயே வரும். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2011 முதல் அறுவைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிற்க வைக்கச் சொல்வது இதனால்தான்.

இந்த அறிவு புதிதுமல்ல. 1935இல் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், பக்கத்து ஏழைகள் விடுதியில் ஆண்டுக்கணக்காகப் படுத்தே கிடந்த நூற்றுக்கணக்கான முதியவர்களின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொருவரையும் முறையாகப் பரிசோதித்து, நடக்கப் பழக்கினார். தீராதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த பலர் வீடு திரும்பினார்கள். நம் வேலூரில், விபத்தில் தன் கால்களின் இயக்கத்தையே இழந்த மேரி வர்கீஸ் 1960களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத்துறையைக் கட்டி எழுப்பினார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அப்போதே கிடைத்த அக்கறை, இடுப்பு முறிந்த பாட்டிமாருக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

தடை எங்கே இருக்கிறது? பயிற்சி முறைகள் பெரும்பாலும் நாற்காலியில் உட்காரும் ஊர்களில் உருவானவை. நம் முதியவர்களின் வாழ்க்கையோ தரையோடு ஒட்டியது: பாய், அரிவாள்மணை, கோலம், குந்தி உட்காரும் கழிவறை. தொடை எலும்பின் பந்து போன்ற தலையை மாற்றிய இடுப்பை அளவுக்கு மீறி மடக்கினால், அந்தப் பந்து இடுப்புக் கிண்ணத்திலிருந்து நழுவக்கூடும். ஆகவே 'கீழே உட்காரக்கூடாது, இந்தியன் டாய்லெட் கூடாது' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருகிறார்கள். எச்சரிக்கை நியாயமானதே. அப்படியானால் எங்கே போவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், இடுப்பு முறிந்த ஓர் அம்மாவின் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். கட்டிலை ஒட்டியே கமோடு நாற்காலி. "நீங்க எந்திரிக்காதீங்க அத்தை, நான் பாத்துக்கிறேன்" என்று மருமகள் பரிவோடுதான் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவரைக் கூப்பிடக் கூசிய அந்த அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், ராத்திரியில் பிதற்றல். 'வயசாயிடுச்சு' என்று வீடு முடிவுகட்டியது. அது வயதின் வேலையல்ல, தாகத்தின் வேலை.

பரிவை நான் குறை சொல்லவில்லை. மறுபடி விழுந்துவிட்டால் என்ற பயம் உண்மையானது. கூடவே நடக்க ஆள் வேண்டும், அந்த ஆள் கூலிக்குப் போக வேண்டியவராக இருப்பார். ஆனால் நடக்காத கால் மேலும் தளர்ந்து, அடுத்த விழுகைக்கும் அதுவே காரணமாகிறது. காத்து வைப்பதாக நினைத்தே ஆபத்தைக் கூட்டுகிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். நம் சூழலுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு இது; கழிவறை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பது வீட்டுக்குள் வந்தவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றுகிறவரால் ஒரு வீட்டுக்கு எத்தனை முறை வர முடியும்? ஆகவே அவர் வரும் நாளைச் சிகிச்சை நாளாகக் கருதுவதைவிட, வீட்டாருக்குச் சொல்லித்தரும் நாளாகக் கருத வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டும் மாற வேண்டும். 'ஓய்வு' என்று எழுதும் இடத்தில், இந்த வாரம் எவ்வளவு தூரம் நடப்பது, யார் கூட நிற்பது என்று எழுதலாம். எலும்பு கூடியதா என்று எக்ஸ்ரே பார்ப்பதோடு, துணையின்றிக் கழிவறை போய் வருகிறாரா என்றும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

அந்தக் கும்பகோணத்து வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், காய்ச்சல் தணிந்ததும் முதலில் செய்தது கமோடு நாற்காலியைக் கட்டிலிலிருந்து நாலடி தள்ளிப் போட்டதுதான். வாக்கரைப் பிடித்து எழுவதை அம்மாவுக்கும், எந்தப் பக்கம் நின்று எப்படித் தாங்குவது என்பதை மருமகளுக்கும் சொல்லித்தந்தார். அடுத்த வாரம் நாற்காலி கூடத்து மூலைக்குப் போனது. பிறகு பின்கட்டு நிலைப்படிக்கு. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அது கொல்லைக் கழிவறைக்குள்ளேயே, குழி மேல் ஏறி நின்றது. சுவரில் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் குழாயைப் பிளம்பர் பதித்துக் கொடுத்தார். அன்று அந்த அம்மா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.