பெங்களூருக்கு டீசலில் கரண்ட்: யெலஹங்கா நிலையம் ஏன் வந்தது, ஏன் நின்றது?

உங்கள் அபார்ட்மென்ட் பராமரிப்பு பில்லில் 'டிஜி யூனிட்' என்று தனி வரி இருக்கிறதா? பெஸ்காம் யூனிட்டைவிட அதன் விலை பல மடங்கு. ஏன் இவ்வளவு? யெலஹங்காவின் கதையில் பதில் இருக்கிறது.

எதற்காகக் கட்டினார்கள்?

1990-களின் தொடக்கத்தில் கர்நாடகம் ஷராவதி போன்ற நீர்மின் நிலையங்களைப் பெரிதும் நம்பியிருந்தது. மழை பொய்த்தால் பவர் கட்தான். அப்போது கர்நாடக மின் கழகம் (கேபிசிஎல்) யெலஹங்காவில் 100 மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள டீசல் மின் நிலையத்தை அமைத்தது. டீசல் நிலையத்தைச் சீக்கிரம் கட்டிவிடலாம். குளிர்ந்து கிடக்கும் நிலக்கரி பாய்லரைச் சூடேற்றப் பல மணி நேரமாகும். டீசல் இன்ஜின் சில நிமிடங்களில் கரண்ட் கொடுத்துவிடும்.

அப்புறம் ஏன் நின்றது?

காரணம் செலவு. ஜெனரேட்டரில் 1 லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட்தான் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய் என்றால், எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 22 ரூபாய்க்கு மேல். பெரிய நிலையங்கள் மலிவான உலை எண்ணெயை எரித்தாலும் நிலக்கரியோடு போட்டி போட முடியாது. யெலஹங்காவில் இப்போது இருப்பது 370 மெகாவாட் எரிவாயு மின் நிலையம். 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

நாடு முழுக்க என்ன நிலை?

இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறன் 4 லட்சம் மெகாவாட்டுக்கு மேல். அதில் டீசல் நிலையங்களின் பங்கு சுமார் 589 மெகாவாட் மட்டுமே. ஆனால் அந்தமான், லட்சத்தீவு போன்ற இடங்களில் டீசல்தான் முக்கிய ஆதாரம்.

எண்ணெயை அதிகம் நம்பினால் என்ன ஆகும்?

இலங்கையைப் பாருங்கள். எண்ணெய் வாங்க டாலர் இல்லை, அணைகளிலும் தண்ணீர் குறைவு. 2022 மார்ச் இறுதியில் அங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு.

உங்களுக்கு இதில் என்ன?

சூரிய மின்சாரம் மாலையில் இறங்கும். அதே நேரத்தில் வீடுகளில் லைட், ஏசி எல்லாம் ஓடும். சட்டென்று கைகொடுக்கும் மின்சாரம் அப்போதும் தேவை. அதை நீர்மின்சாரம், எரிவாயு, பேட்டரி ஆகியவற்றிலிருந்து பெறப் பார்க்கிறார்கள். அதுவரை கரண்ட் போகும்போதெல்லாம், அரசு கைவிட்ட அந்த விலை உயர்ந்த டீசல் கரண்ட்டை உங்கள் பேஸ்மென்ட் ஜெனரேட்டர்தான் தயாரிக்கிறது. பில் உங்களுக்கு!