இறக்கைக்கும் விசிறிக்கும் நடுவே

ஆரப்பாளையத்தில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு சோலார் இன்வெர்ட்டர் தொங்குகிறது. சித்திரை மதியத்தில் தொட்டால் சுடும். "மெஷினுன்னா சூடாத்தான இருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார் மாட்டித் தந்த அண்ணன். அந்தச் சூடு வேறொன்றுமில்லை. பேனலில் விளைந்தும் விளக்குக்கு வந்து சேராத கரண்ட். வீட்டில் அது கொஞ்சம் காசு நஷ்டம். ஆளில்லாத சோலார் விமானத்தில் அது விடியும்வரை பறப்பதா, நடுராத்திரியில் விழுவதா என்கிற கேள்வி.

1974 நவம்பர் 4. கலிபோர்னியாவில் காய்ந்த ஏரித்தளம் ஒன்றிலிருந்து ராபர்ட் பௌச்சரின் 'சன்ரைஸ்' எழும்பியது. சூரிய மின்சாரத்தில் பறந்த முதல் விமானம். 4,096 செல்கள், 450 வாட், 12 கிலோ சொச்சம் எடை. சுமார் 20 நிமிடம் பறந்தது.

2005 ஜூன். அதே கலிபோர்னியாவின் பாலைவனத்தில் 'சோலாங்' என்ற விமானம். எடை ஏறக்குறைய அதே. வெயிலிலிருந்து கிடைத்ததோ அதிகபட்சம் 225 வாட், சரிபாதி. அது 48 மணி 16 நிமிடம் தரையிறங்கவே இல்லை. இரண்டு இரவு!

லித்தியம் பேட்டரி வந்திருந்தது, செல்களும் மேம்பட்டிருந்தன, வாஸ்தவம்தான். மேலெழும் வெப்பக்காற்றைப் பிடித்துக் கரண்டை மிச்சப்படுத்தினார்கள். கீழேயிருந்து முறைவைத்து ஓட்டினார்கள். ஆனால் செய்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆலன் கொக்கோனி, பவர் எலெக்ட்ரானிக்ஸ் ஆள். ஜெனரல் மோட்டார்ஸின் 'இம்பாக்ட்' மின்சாரக் காருக்கு இன்வெர்ட்டர் வடிவமைத்தவர்.

சோலார் செல்லுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குறிப்பிட்ட ஒரு வோல்டேஜில் இழுத்தால்தான் முழுசாகத் தரும். வெயிலும் சூடும் மாற மாற அந்தப் புள்ளியும் நகரும். அதைத் துரத்திப் பிடித்து, பேட்டரி கேட்கிற வோல்டேஜுக்கு மாற்றித் தருவது கன்வெர்ட்டரின் வேலை. பிறகு பேட்டரி, மோட்டார் கன்ட்ரோலர், மோட்டார். நான்கு படி. படிக்கு 5 சதவீதம் போனால் கடைசியில் 81 மிஞ்சும். 10 போனால் 66தான். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டக் கூடுதல் பேட்டரி ஏற்றலாமே என்றால், அதைத் தூக்கவும் கரண்ட் வேண்டும்.

உயரப் போனால் இன்னொரு வில்லங்கம். 20 கிலோமீட்டரில் வெளியே கடுங்குளிர். ஆனால் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கன்வெர்ட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு போக ஆளில்லை. குளிருக்கு நடுவே பெட்டி வேகும்.

2024 பிப்ரவரியில் நம்மூர் தேசிய வான்வெளி ஆய்வகம், கர்நாடகத்தின் சல்லகெரேயில் தன் சோலார் விமானத்தின் சிறு வடிவத்தைச் சுமார் எட்டரை மணி நேரம் பறக்கவிட்டது. முழு வடிவத்துக்கு வைத்திருக்கும் இலக்கு 90 நாள். அதாவது 90 ராத்திரி.